விருந்தினரா? விருந்தாளியா?



இந்தக் கட்டுரைக்கு ஒரு சண்டைதான் காரணம். பேரவைத் தொடக்க விழா நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் ராத்திரி, ஹாஸ்டல் ரூமில் நாலு பேர் உட்கார்ந்து புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தோம். 'சிறப்பு விருந்தாளி' என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். மெக்கானிக்கல் நண்பன் ஒருவன் பேனாவை எடுத்து அதை அடித்துவிட்டு 'சிறப்பு விருந்தினர்' என்று போட்டான். "ரெண்டும் ஒண்ணுதானேடா?" என்றேன். "ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு வார்த்தை? ஒரே சைஸ்ல ரெண்டு ஸ்பானர் எவனாவது வாங்குவானா?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. ராத்திரி ஒரு மணி வரைக்கும் வாக்குவாதம். கடைசியில் அவன் சொன்னதுதான் அச்சானது. ஆனால் அவன் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. லைப்ரரியில் மூலையில் கிடந்த திருக்குறள் உரை, நற்றிணை, குறுந்தொகை எல்லாவற்றையும் தூசி தட்டி எடுத்தேன். "ட்ரான்ஸ்ஃபார்மர் படிக்க வேண்டிய பய தொல்காப்பியம் படிக்கிறான்" என்று லைப்ரேரியன் சார் சிரித்தார். பரவாயில்லை. படித்ததில் எனக்குப் புரிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். தமிழாசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் பிழை பொறுத்தருள்க!

முதலில் ஒரு சின்னச் சோதனை. 'விருந்து' என்றதும் உங்கள் மனதில் என்ன வருகிறது? தலைவாழை இலை, வடை, பாயசம், அல்லது ஆட்டுக்கறிக் குழம்பு... சாப்பாடுதானே? எனக்கும் அப்படித்தான். ஆனால் பழைய தமிழில் அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் சாப்பாடு இல்லை. ஆளும் இல்லை. 'புதுமை'!

தொல்காப்பியத்தில் செய்யுளியல் என்று ஒரு பகுதி. அதில் நூலுக்குரிய எட்டு வகை வனப்புகளைச் சொல்லும்போது அம்மை, அழகு, தொன்மை, தோல் என்ற வரிசையில் ஐந்தாவதாக 'விருந்து' வருகிறது. புதிதாகப் புனைந்த யாப்பு என்று அதற்கு விளக்கம். தொன்மை என்றால் பழசு, விருந்து என்றால் புதுசு. ஒரு கவிஞர் புது மாதிரியில் எழுதினால் அது 'விருந்து'. இலையும் இல்லை, சோறும் இல்லை, சொல் மட்டும் இருக்கிறது.

இந்தப் புதுமை எப்படி மனிதரானது? பள்ளிக்கூடத்தில் ஆகுபெயர் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளை அடித்தான் என்றால் வெள்ளை நிறத்தை அடிக்கவில்லை, சுண்ணாம்பை அடித்தான். பண்பின் பெயர் பொருளுக்கு ஆகிவருவது. அதே கணக்குத்தான். 'விருந்து' என்ற புதுமைப் பண்பு, புதிதாக வந்த ஆளுக்குப் பெயரானது. இதை நான் சொல்லவில்லை, திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் சொல்கிறார். விருந்தோம்பல் என்பது ஒன்பதாவது அதிகாரம், 81-லிருந்து 90 வரை. அதற்கு முன்பே, 43-ஆவது குறளின் உரையில், விருந்தாவது புதுமை, இங்கே புதிதாக வந்தவரைக் குறிக்கிறது என்று சொல்லிவிட்டு, அப்படி வருகிறவர்களை இரண்டாகப் பிரிக்கிறார். முன்பே பழக்கம் இருப்பதால் நம்மை நினைத்து வருகிறவர் ஒரு வகை. பழக்கமே இல்லாமல், ஒன்றும் குறிக்காமல் வந்து நிற்கிறவர் இன்னொரு வகை. இரண்டாவது ஆளை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் அவர் மறுபடி வருவார்.

அடுத்ததாக ஒரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தொல்காப்பியத்தின் கற்பியலில், குடும்பத் தலைவிக்குரிய பண்புகளைச் சொல்லும்போது விருந்தைப் பேணுவது ஒன்று, சுற்றத்தை ஓம்புவது இன்னொன்று என்று தனித்தனியாக வருகிறது. 43-ஆவது குறளிலும் இல்வாழ்வான் பேண வேண்டிய ஐந்து பேரில் விருந்து தனி, ஒக்கல் தனி. ஒக்கல் என்றால் சொந்தபந்தம். அதாவது மாமா, மச்சான், சித்தப்பா எல்லாம் விருந்து லிஸ்டில் கிடையாது! அவர்களுக்குத் தனிக் கணக்கு. விருந்து என்றால் புதிய ஆள்தான். இன்றைக்கு நம் வீடுகளில் "விருந்தாளி வந்திருக்காங்க" என்றால் யார்? நூற்றுக்குத் தொண்ணூறு அத்தை, மாமாதான். முன்பின் தெரியாத ஆள் வந்தால் "யாரு? என்ன வேணும்?" என்று கேட் உள்ளே இருந்தே கேட்கிறோம். சொல் அப்படியே இருக்கிறது, உள்ளே இருந்த ஆள் மாறிவிட்டார்.

சரி, நண்பன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 'விருந்தினர்' பழைய சொல். தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. விருந்து என்பதோடு 'இன்' சாரியையும் 'அர்' விகுதியும் சேர்ந்தது. புதியவர் என்ற அர்த்தம் அதில் நேராக இருக்கிறது. 'விருந்தாளி'யில் இருப்பது 'ஆளி'. உழைப்பாளி, கூட்டாளி, அறிவாளி என்கிறோமே, அந்த ஆளி. உழைப்பை உடையவர் உழைப்பாளி என்றால், விருந்தை உடையவர் விருந்தாளி. இங்கே விருந்து என்பது சாப்பாடாகத்தான் இருக்க முடியும் என்பது என் ஊகம். விருந்து என்ற சொல் ஆளிலிருந்து இலைக்குப் போனபிறகு, ஆளுக்கு ஒரு சொல் மறுபடி தேவைப்பட்டிருக்கும். அதனால்தான் விருந்தினர் என்றால் மரியாதையான தூரம் தெரிகிறது, விருந்தாளி என்றால் சமையல்கட்டு வாசனை தெரிகிறது. கலெக்டர் விருந்தினர், கல்யாணத்துக்கு வந்த ஒன்றுவிட்ட மாமா விருந்தாளி. இது இலக்கணம் இல்லை, என் காது சொல்வது.

பேச்சில் இந்தச் சொல்லோடு எந்த வினை சேர்கிறது என்று பாருங்கள். 'விருந்து வந்திருக்கு' என்றால் ஆள். 'விருந்து வைக்கிறாங்க', 'விருந்து போட்டாங்க' என்றால் சாப்பாடு. 'விருந்துக்குப் போறோம்' என்றால் அழைப்பு, அநேகமாகப் புது மாப்பிள்ளை பெண்ணுக்குச் சொந்தக்காரர்கள் வைக்கும் அழைப்பு. 'கண்ணுக்கு விருந்து' என்றால் வெறும் சந்தோஷம். ஒரே சொல், வினையை மாற்றினால் வேலை மாறுகிறது. கோடியக்கரைக்கு ஒவ்வொரு பனிக்காலத்திலும் வரும் வெளிநாட்டுப் பறவைகளைப் பத்திரிகைகள் 'விருந்தாளிப் பறவைகள்' என்று எழுதுகின்றன. பொருத்தமான பெயர்தான், எங்கிருந்தோ வருகின்றன, சீசன் முடிந்தால் போய்விடுகின்றன, எந்தப் பறவையும் மொய் எழுதுவதில்லை.

வடமொழியில் 'அதிதி' என்பார்கள். 'திதி' இல்லாதவர், அதாவது நாள் சொல்லாமல் வருகிறவர் என்று அதற்கு விளக்கம் சொல்வது மரபு. பரிமேலழகரின் இரண்டாவது ஆள்தான் இவர். மலையாளத்தில் 'விருன்னு', தெலுங்கில் 'விந்து'. இரண்டுக்கும் சாப்பாட்டு அர்த்தம் உண்டு. ஆங்கிலத்தில் கதை இன்னும் சுவாரஸ்யம். 'கெஸ்ட்' என்ற சொல்லும், லத்தீனில் பகைவனைக் குறிக்கும் 'ஹோஸ்டிஸ்' என்ற சொல்லும் ஒரே ஆதி வேரிலிருந்து வந்தவை என்கிறார்கள் மொழி ஆராய்ச்சியாளர்கள். அந்த வேரின் அர்த்தம் அந்நியன். அந்நியனைச் சாப்பிடக் கூப்பிட்டால் கெஸ்ட், வாசலில் மறித்தால் எதிரி. லத்தீனில் விருந்தினர், விருந்து கொடுப்பவர் இருவருக்குமே 'ஹோஸ்பெஸ்' என்று ஒரு சொல். அதன் வழியில் வந்தவைதான் ஹோட்டல், ஹாஸ்பிட்டல், நம்ம ஹாஸ்டல்! ஆக, சொல்லின்படி பார்த்தால் நாமெல்லாம் மூன்று வருஷ விருந்தாளிகள். மெஸ்ஸில் போடும் சாம்பாரைப் பார்த்தால் இந்த ஆராய்ச்சியில் எனக்கே சந்தேகம் வருகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒட்டுண்ணி வாழ்வதற்கு இடம் கொடுக்கும் உயிரை நம் அறிவியல் புத்தகங்கள் 'ஓம்புயிர்' என்கின்றன. விருந்தோம்பலில் இருக்கிற அதே 'ஓம்பு'தான். காப்பாற்றுதல், பேணுதல் என்று அர்த்தம். அந்தச் சொல்லை உருவாக்கியவர் நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவராக இருக்க வேண்டும். மாசக்கணக்கில் தங்கும் சில உறவினர்களை நினைத்துக்கொண்டு செய்திருப்பாரோ?

இனி நம்ம மண்ணுக்கு வருவோம். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். மருதத்தின் உரிப்பொருள் ஊடல், அதாவது புருஷன் பெண்டாட்டி சண்டை. ஊடலைத் தீர்த்துவைக்கும் ஆட்களுக்கு இலக்கணத்தில் 'வாயில்கள்' என்று பெயர். தோழி, பாணன், பாடினி என்று பன்னிரண்டு பேர் கொண்ட அந்தப் பட்டியலில் விருந்தினரும் உண்டு! எப்படி என்று நற்றிணை 120-ஆம் பாட்டைப் படித்தால் தெரியும். மாங்குடி கிழார் பாடியது. தூணுக்குத் தூண் எருமைக்கன்று கட்டியிருக்கிற வீடு. உள்ளே மனைவி வாளை மீனை நறுக்கிச் சமைக்கிறாள். புகையில் கண் சிவந்திருக்கிறது, நெற்றியில் வியர்வை. வெளியே புருஷன். தப்பு செய்துவிட்டு வந்திருக்கிறான், உள்ளே போகப் பயம். அவன் என்ன நினைக்கிறான் தெரியுமா? யாராவது ஒரு விருந்து வந்தால் தேவலையே, வந்தால் இவள் கோபப்படமாட்டாள், சின்னப் பல் தெரியச் சிரிப்பாள், அந்த முகத்தைப் பார்க்கலாமே என்கிறான். இதைப் படித்ததும் எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. சீட்டு விளையாடிவிட்டு லேட்டாக வரும் நாளில் யாராவது ஒரு சிநேகிதரைக் கூடவே கூட்டிக்கொண்டுதான் வருவார். இரண்டாயிரம் வருஷமாக டெக்னிக் மாறவே இல்லை!

குறுந்தொகையில் நன்னாகையார் பாட்டு ஒன்று, 118-ஆவது. சாயங்காலம் வாசற்கதவை அடைக்கும் முன்னால், உள்ளே வர வேண்டியவர் யாரேனும் உண்டா என்று கேட்டுவிட்டு அடைக்கிறார்கள். தலைவிக்கு வருத்தம் என்னவென்றால், அப்படிக் கேட்டும் அவளுடைய ஆள் வரவில்லை. பாட்டின் சோகம் அது. ஆனால் நான் கதவிலேயே நின்றுவிட்டேன். பூட்டும் முன் ஒருமுறை வெளியே கேட்பது என்று ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. அதே குறுந்தொகையில் 210-ஆம் பாட்டில் விருந்து வரப்போகிறது என்று காக்கை கரைகிறது. அதைப் பாடியதாலேயே அந்தப் புலவருக்குக் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று பெயர். காக்கா கத்தினால் விருந்தாளி வருவாங்க என்று இன்றைக்கும் எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். எத்தனை ராஜா வந்து போனான், காக்கா நம்பிக்கை மட்டும் போகவில்லை.

புறநானூற்றில் விஷயம் சிரிப்பில்லை. வந்தவர்களுக்குப் போட ஒன்றும் மிச்சமில்லாதபோது, விதைக்கு வைத்திருந்த தினையை உரலில் போட்டுக் குற்றிய பெண்ணைப் பற்றி 333-ஆம் பாட்டு சொல்கிறது. விதையைச் சாப்பிடுவது என்றால் என்ன என்று நம்மைப் போன்ற விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருஷத்தையே சமைப்பது அது. காவிரி கடலில் சேரும் பூம்புகாரில் பிறந்த கண்ணகி, மதுரையில் இடையர் குடியிருப்பில் தன் கையால் சமைத்துப் போட்டபின் கோவலனிடம் சொல்லும் குறைகளில் ஒன்று, விருந்தை எதிர்கொள்ளும் பேறு தனக்கு இல்லாமல் போனது என்பது. புருஷன் பிரிந்திருந்த வீட்டில் பெண் தனியாக விருந்தை வரவேற்க முடியாது என்பதுதான் அதற்குள் இருக்கிற விஷயம். விருந்தோம்பல் என்று பெருமை பேசுகிறோமே, அதற்கு அடுப்பூதியவள் யார், வரவேற்கும் உரிமை யாருடையது என்றும் கேட்க வேண்டும்.

தஞ்சாவூர் ஜில்லாவுக்கே உரிய கதை ஒன்று உண்டு. திருவையாற்றுக்குப் பக்கத்தில் திங்களூர். பஸ்ஸில் போகிறவர்களுக்கு நவக்கிரகத்தில் சந்திரன் ஸ்தலமாகத்தான் தெரியும். அப்பூதி அடிகள் வாழ்ந்த ஊர் அது. சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்கிறார். அப்பூதி அடிகள் திருநாவுக்கரசரைப் பார்த்ததே இல்லை. கேள்விப்பட்டதோடு சரி. ஆனாலும் பிள்ளைகளுக்கு அவர் பெயர், தண்ணீர்ப் பந்தலுக்கு அவர் பெயர். அந்த வழியாக வந்த நாவுக்கரசர் பந்தலில் தன் பெயரைப் பார்த்து வியந்து, யாருடையது என்று விசாரித்து அந்த வீட்டுக்கே போகிறார். அதாவது தெரிந்த பெயர், தெரியாத முகம்! இன்னார் என்று தெரிந்ததும் வீடே தடபுடல் ஆகிறது. மூத்த பையனை வாழை இலை அறுத்துவரத் தோட்டத்துக்கு அனுப்புகிறார்கள். பாம்பு கடித்துவிடுகிறது. ஓடிவந்து இலையை அம்மா கையில் கொடுத்துவிட்டு விழுகிறான். அப்பாவும் அம்மாவும் அழவில்லை. அழுதால் வந்தவர் சாப்பிடாமல் போய்விடுவார். உடலைப் பாயில் மூடி மறைத்துவிட்டு இலை போடுகிறார்கள். நாவுக்கரசர் உட்காரும்போது, எங்கே மூத்த பிள்ளை, அவனையும் கூப்பிடுங்கள் என்கிறார். அங்கேதான் கதை திரும்புகிறது. விஷயம் வெளியே வருகிறது, கோயிலுக்கு எடுத்துப்போய்ப் பதிகம் பாடுகிறார், பையன் எழுகிறான்.

இந்தக் கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அது சரி, அந்த எலைய கையில வாங்குனாளே, அவ கை எப்புடி நடுங்கியிருக்கும்" என்றார்கள். அவ்வளவுதான். எனக்கு விருந்தோம்பலின் உச்சம் என்று தோன்றியது, அம்மாவுக்கு அந்தக் கையாகத் தோன்றியது. அதற்குமேல் நான் இதை மேடையில் பெருமையாகச் சொல்வதை விட்டுவிட்டேன்.

கதைகளை விட்டுக் கட்டடத்துக்கு வருவோம். சிவில் நண்பர்கள் கவனிக்கவும். நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீட்டில் முதலில் இருப்பது திண்ணை. அப்புறம் ரேழி, ஆளோடி, முற்றம். திண்ணைக்குக் கதவு கிடையாது. வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வழிப்போக்கர் வந்து படுத்துவிட்டு விடியற்காலையில் எழுந்து போய்விடலாம். குறியாது வருகிறவருக்காக வீட்டிலேயே ஒதுக்கின இடம் அது. ஊருக்கு அப்படி ஒதுக்கின இடம் சத்திரம். ராமேஸ்வரம் போகிற யாத்திரைச் சாலையில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி முத்தாம்பாள் பெயரில் 1802-ல் அமைத்த சத்திரம் அவற்றில் பெரியது. சத்திரங்களைத் தன் கையைவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அதற்கு முந்தின வருஷம் ஆங்கிலேய அதிகாரிக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. வருகிறவர்களுக்குச் சாப்பாடு, நோயாளிக்கு வைத்தியம், அநாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு என்று அங்கே நடப்பதையெல்லாம் அதில் விவரிக்கிறார்.

ஆனால் திண்ணையைப் பற்றி முழு உண்மையும் சொல்ல வேண்டும். வழிப்போக்கருக்குத் திறந்திருந்த திண்ணையில், அந்த வீட்டு வயலில் நட்டு அறுத்தவர் உட்கார முடியாது. பெரிய திண்ணை உள்ள தெருக்களில் அவர்கள் நடப்பதற்கே எத்தனையோ காலம் தடை இருந்தது. அவர்களுக்குச் சாப்பாடு கொல்லைப் பக்கம். புதியவருக்குப் போடுவது விருந்து, தினம் வருகிறவருக்குப் போடுவது கூலியில் சேர்த்தி. சொல்லைச் சுற்றிப் போட்ட வேலி அது. நூல்களில் நான் தேடியவரை அந்த வேலியைப் பற்றி அதிகம் இல்லை. எங்கள் ஊர் வயசானவர்களிடம் கேட்டால் நிறைய இருக்கிறது.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்" என்பார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு விளக்கவுரையே உண்டு: மொத நாளு வாழ எல, ரெண்டாம் நாளு தையல் எல, மூணாம் நாளு கையில! புதுமை என்றுதானே அர்த்தம், மூன்று நாளில் புதுசு பழசாகிவிடுகிறது. அந்த வகையில் பழமொழியும் தொல்காப்பியமும் ஒத்துப்போகின்றன.

இந்தக் காலத்து உபயோகங்களில் மொய் விருந்தைச் சொல்லாமல் விட்டால் பேராவூரணி நண்பர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். பேராவூரணி, அந்தப் பக்கம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் ஆடி, ஆவணி வந்தால் மொய் விருந்து சீசன். நாலைந்து பேர் சேர்ந்து பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சோறு போடுவார்கள். சாப்பிட்டவர் மொய் எழுதுவார். அது அன்பளிப்பு இல்லை, வட்டியில்லாக் கடன். அவர் விருந்து வைக்கும்போது வாங்கினதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். அந்தப் பணத்தில் போர் போட்டவர்கள், கடை வைத்தவர்கள், பிள்ளையை என்ஜினீயரிங் சேர்த்தவர்கள் உண்டு. திருப்பிச் செய்ய முடியாமல் தலைமறைவாகத் திரிந்தவர்களும் உண்டு. இங்கே விருந்தாளி என்பவர் யார்? கடன் கொடுத்தவர்! சிலர் இதைக் கேலி பேசுவார்கள். மீட்டர் வட்டியில் மாட்டின குடும்பத்தைப் பார்த்தவன் கேலி பேசமாட்டான்.

நம் கல்லூரி உபயோகங்கள் மூன்று. சிறப்பு விருந்தினர்: லேட்டாக வருவார், சாப்பிடாமல் போவார். கெஸ்ட் லெக்சரர்: தமிழில் 'கௌரவ விரிவுரையாளர்' என்று எழுதுவார்கள். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் பாடம் நடத்துகிறவருக்கு 'கெஸ்ட்' என்று பெயர் வைத்ததில் இருக்கிற வருத்தம், சம்பள நாளில்தான் தெரியும். மூன்றாவது, மெஸ் நோட்டில் இருக்கும் 'கெஸ்ட்' காலம். ஊரிலிருந்து அப்பா வந்து நம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் அதில் ஒரு டிக். மாசக் கடைசியில் பில்லில் ஏறும். அது தப்பு என்று நான் சொல்லவில்லை, மெஸ் நடத்துவது தர்மசத்திரம் இல்லை. ஆனால் போன வருஷம் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு "எனக்குப் பசிக்கலப்பா, பஸ் ஸ்டாண்டுல சாப்ட்டேன்" என்று சொன்ன ஒரு அப்பாவை எனக்குத் தெரியும்.

இப்போது அந்த இரண்டாவது ஆள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அன்றைக்கு ராத்திரி அடித்த காற்றில் தென்னை மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. காலையில் பார்த்தால் தெருவில் நிற்கிற போஸ்ட் ஒன்று இல்லை. எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்துவிட்டது. கரண்ட் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. டெல்டா முழுக்க இதே கதைதான். தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாவிலிருந்தும் மின்வாரிய ஊழியர்கள் வந்தார்கள். வெளி மாநிலத்திலிருந்தும் வந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்த கேங்கில் ஐந்து பேர் கேரளாக்காரர்கள். அதே வருஷம் ஆகஸ்ட்டில் அவர்கள் ஊர் வெள்ளத்தில் மூழ்கி எழுந்திருந்தது. இடுப்பளவு சேற்றில் இறங்கி போஸ்ட் நட்டார்கள்.

மத்தியானம் எங்கள் அப்பாயி தெருவில் வந்து நின்று அவர்களைக் கூப்பிட்டது. "வாங்கய்யா, ஒரு வாய் சாப்ட்டுப் போங்க." வீட்டில் இருந்தது ரேஷன் அரிசி. விழுந்து கிடந்த தேங்காய்க்கு மட்டும் பஞ்சமில்லை, தேங்காத் தொவையல், பருப்புத் தண்ணி. கொல்லை வாழை அத்தனையும் காற்றில் நார்நாராகக் கிழிந்திருந்தது, கிழியாத இலை ஒன்று கூட இல்லை. எவர்சில்வர் தட்டு பக்கத்து வீட்டில் வாங்கிவந்தேன். உள்ளே பார்த்து அப்பாயி அம்மாவிடம் சொன்னது: "விருந்து வந்திருக்கு, ஒலை வையி." சொந்தக்காரர் வந்தால் அப்பாயி பெயர் சொல்லும், முறை சொல்லும். 'விருந்து' என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவர்களில் வயசான லைன்மேன் சிரித்துவிட்டார். அவர்கள் ஊரிலும் 'விருன்னு' என்பார்களாம், காக்கா கத்தினால் விருன்னு வரும் என்பார்களாம். அரைத் தமிழில் சொன்னார். அப்பாயிக்கு ஒரே சந்தோஷம்.

ஐந்து பேரும் ஆளோடியில் உட்கார்ந்தார்கள். என்ன ஜாதி, என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. தட்டில் சோறு விழுந்தது. ஆனால் அந்த லைன்மேன் கை வைக்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு ஆள் கூடி உண்டல்லோ, எவிடெ?" என்று கேட்டார். காலையிலிருந்து அவர்களோடு போஸ்ட் தூக்கியவர் இன்னொருவர் இருந்தார். எங்கள் ஊர்க்காரர்தான், எங்கள் வயலில் நடவு அறுப்பு பார்க்கிறவர், ஊருக்கு வெளியே இருக்கிற தெரு. அவர் வழக்கம்போலக் கொல்லைப் பக்கம் போய் நின்றிருந்தார். "அவரு அங்க சாப்டுவாரு, நீங்க சாப்புடுங்க" என்றார் அப்பா. லைன்மேன் ஒன்றும் சொல்லவில்லை. கையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டார். மற்ற நாலு பேரும் அதையே செய்தார்கள். சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

அப்பாயி கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் கொல்லைக் கதவுக்குப் போய் அவர் பெயரைச் சொல்லி, "உள்ள வாப்பா" என்றது. பேர் சொல்லிக் கூப்பிடுவது புதுசில்லை. 'உள்ள வா' புதுசு. அவர் வந்தார். ஆளோடிக்கு வரவில்லை, சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து திண்ணை ஓரத்தில் உட்கார்ந்தார். அங்கே தட்டு கொண்டுபோய் வைத்தது நான். லைன்மேன் தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்த் திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயசு, என்ன நடந்தது என்று புரியவில்லை. திங்களூர்க் கதையைப் படித்தபோது, சாப்பிடாமல் 'எங்கே அந்தப் பிள்ளை' என்று கேட்ட இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். நான் எலெக்ட்ரிகல் எடுத்ததற்கும் அந்த மத்தியானத்துக்கும் சம்பந்தம் உண்டு.

அதற்குப்பிறகு எல்லாம் மாறிவிட்டதா என்று கேட்காதீர்கள். மாறவில்லை. அறுப்பு நாளில் அவருக்குச் சாப்பாடு மறுபடி கொல்லையில்தான். இரண்டு வருஷம் கழித்து அவர் மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை வைத்தார். அப்பா மொய் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் வந்துவிட்டார். நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அன்று அந்த வீட்டில் நான்தான் விருந்து. முதல் பந்தியில், ஃபேனுக்கு நேராக உட்கார வைத்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்றைக்கு நம் டெல்டா வயல்களில் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நாம் டிப்ளமா முடித்து ஓசூருக்கோ, ஸ்ரீபெரும்புதூருக்கோ, சிங்கப்பூருக்கோ போய் முன்பின் தெரியாத தெருவில் ரூம் கேட்டு நிற்கப்போகிறோம். அங்கே நமக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்பது அந்தத் தெருக்காரர்களைப் பொறுத்தது.

நோட்டீஸ் விஷயத்தில் மெக்கானிக்கல் நண்பன் சொன்னதே சரி, 'சிறப்பு விருந்தினர்'தான். தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். அப்பாயிக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. கண் சரியாகத் தெரிவதில்லை. முருங்கை மரத்தில் காக்கா கத்தினால், "யாருடா வர்றது, அந்த மலையாளத்தானா பாரு" என்று இன்னும் கேட்கும்.